நிலாவெளியில் ஏறினால் பேய் இல்லை

பேய்ப்படத்தைப் பற்றி யாருக்காவது கருத்து வேண்டுமென்றால் என்னிடம் வரலாம். வராதவர்களுக்கும் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். புல்மோட்டையில் எங்கள் வீடு. திருகோணமலைத் துறைமுகப் பக்கம், படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் வேலை. தினமும் காலையில் நான் போகும் பஸ்ஸில் ஒரு டீவி இருக்கிறது. கொண்டக்டர் அலியார் நானா அதில் பேய்ப்படம் மட்டும்தான் போடுவார். காதல் படம் போட்டால் சாரதிக்கு நித்திரை வருகிறதாம்; பின்னால் யாராவது வீரிட்டுக்கொண்டிருந்தால்தான் மனிதர் விழித்திருப்பாராம். சாரதி விழித்திருக்க வேண்டுமே என்பதற்காக, நாங்கள் காலைச் சாப்பாடு செரிக்கும் முன்பே கழுத்து முறிவதையெல்லாம் பார்த்துக்கொண்டு போகிறோம்.

இத்தனை பார்த்ததில் நான் கண்டுகொண்டது, பேய்ப்படத்தில் வரும் குடும்பங்களுக்கு மூளை கிடையாது என்பதுதான். மேல்மாடியில் சத்தம் கேட்டால் ஒருவர் தனியாக ஏறிப் போய்ப் பார்ப்பார். எங்கள் தெருவில் கோழிக்கூட்டில் சத்தம் கேட்டாலே அரை ஊர் டோர்ச்சோடு வந்துவிடும். கரண்ட் போனதும் படத்தில் எல்லோரும் அலறுகிறார்கள். இங்கே கரண்ட் போனால் வாசலுக்கு வந்து, "எங்களுக்கு மட்டுமா, உங்களுக்கும் இல்லையா?" என்று பக்கத்து வீட்டில் கேட்போம். அவர்களுக்கும் இல்லையென்றால் நிம்மதியாக உள்ளே போய் இருப்போம். பேயிடமும் எனக்கு மரியாதை இல்லை. ஒருவனைத் தூக்கிக் கூரையில் ஒட்டிவைக்கிற பலம் இருந்தும், அரை மணித்தியாலம் கதவைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருக்கிறது. எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் முதலாளி முதல் நாளே அனுப்பியிருப்பார்.

நாடகங்கள் அதைவிட மோசம். உம்மா பார்க்கும் தொடர்களில் ஒரு ஆளாவது ஒரு வாய் சோறு விழுங்கி நான் கண்டதில்லை. பரிமாறி முடிந்ததும் யாராவது ஒரு இரகசியத்தைப் போட்டு உடைப்பார்கள், எல்லோரும் எழும்பிவிடுவார்கள். தேத்தண்ணித் தட்டோடு வருகிற பெண் அந்தத் தட்டைக் கட்டாயம் கீழே போடுவாள். நான் கவலைப்படுவதென்றால் அந்தக் கோப்பைகளுக்காகத்தான். ஆட்களுக்காக ஒருநாளும் கண் கலங்கியதில்லை. இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பஸ்ஸில் ஒருவரும் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. புல்மோட்டையில் படம் தொடங்கும். திருகோணமலை பஸ் நிலையத்துக்கு வரும்போது இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். அலியார் நானா டீவியை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். பின்னேர பஸ்ஸில் டீவியே இல்லை. அடுத்த நாள் காலையில் மிச்சத்தைப் போடச் சொன்னால், "நேத்து வந்த ஆக்கள் வேற, இண்டைக்கு வந்த ஆக்கள் வேற. நடுவில இருந்து போட்டா என்னையில்ல பேசுவாங்க," என்று புதுப் படம் ஒன்றைத் தொடங்குவார். அதனால் புல்மோட்டைச் சனத்துக்குப் பேய் வந்த கதை தெரியும், போன கதை தெரியாது.

பஸ் குச்சவெளியைக் கடந்து, இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறி இறங்கி, நிலாவெளிக்கு வரும் நேரத்தில் படத்தில் இடைவேளை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு எல்லாப் பேய்ப்படமும் ஒரே படம்தான். பேய் உயிரோடு இருந்த காலத்தைக் காட்டுவார்கள். நல்ல பெண், ஏழை, யாரோ அநியாயமாகக் கொன்றுவிட்டார்கள். சரியாக அந்த இடத்தில்தான் ஷிஃபானா ஏறுவாள்.

ஷிஃபானா நகரத்தில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளர். நாள் முழுக்க மனிதர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு, கை நடுங்காமல் பஞ்சை எடுத்துக் கொடுக்கிற பெண். ஆனால் பஸ்ஸில் ஏறி இருந்த கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிடுவாள். அவளைப் பொறுத்தவரை இந்த பஸ்ஸில் பேய்ப்படம் போடுவதே இல்லை. ஒவ்வொரு நாளும் ஓர் ஏழைப் பெண்ணின் துன்பக் கதை போகிறது, அவ்வளவுதான். பேய் என்ற ஒன்றை அவள் கண்ணாலும் கண்டதில்லை.

நான் வழக்கமாக அவளுக்குப் பின்சீட்டில் இருப்பேன். திரையில் அந்த ஏழைப் பெண் முந்தானையால் முகத்தைப் பொத்தி அழும்போது எனக்குச் சிரிப்பு வரும். எப்படி வராமல் இருக்கும்? அதே பெண் குச்சவெளியடியில் ஒரு தடியனைக் காலில் பிடித்துக் கிணற்றுக்குள் தலைகீழாக இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன் அல்லவா.

ஒருநாள் ஷிஃபானா திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு பொம்பிள அழுறதப் பார்த்துச் சிரிக்கிறீங்களே, உங்களுக்கு மனசெண்டு ஒண்டு இல்லையா?"

"பொம்பிளையா? அது பேய்! மூண்டு பேரைச் சாக்காட்டிப்போட்டு வந்து இப்ப அழுது நடிக்குது."

"என்ன கண்டறியாத கதை? நான் வந்ததில இருந்து பாக்கிறன். அவ ஒரு எறும்பைக்கூட மிதிக்கேல்ல."

"நீங்க நிலாவெளியில ஏறினா எப்படித் தெரியும்? புல்மோட்டையில ஏறிப் பாருங்க!"

"புல்மோட்டையில ஏறினா இப்பிடித்தான் மனசு கல்லாப் போகுமெண்டா, எனக்கு நிலாவெளியே போதும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதே கோபத்தோடு, அவளைத்தான் கட்டவேண்டும் என்றும் அந்த இடத்திலேயே தோன்றியது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. என்னோடு ஒரு படத்தைப் பற்றி அவ்வளவு சூடாக வாதாடியவர் வேறு யாருமில்லை. வீட்டில் நான் கருத்துச் சொன்னால் உம்மா டீவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

நான் உம்மாவிடம் சொன்னேன். உம்மா என் மாமா கலீலுர் றஹ்மானிடம் சொன்னார். மாமா நல்ல சேர்ட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு நிலாவெளிக்குப் பேசப் போனார். திரும்பி வந்து கதிரையில் இருந்தபோது அவர் முகமே சரியில்லை.

"குடும்பம் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. உன்ட தொழிலும் பிடிச்சிருக்கு. பிள்ளைதான் மாட்டனெண்டுது. அடுத்தவன்ட துக்கத்தில சிரிக்கிற ஆளோட காலம் தள்ள ஏலாதாம். நீ எந்த மையித்து வீட்டில போய் நிண்டு சிரிச்சனி?"

"மாமா, அது படத்தில!"

"படமோ பத்தாயமோ. கிண்ணியாவில ஒரு மாப்பிள்ளையும் கேட்டிருக்காம். வெள்ளிக்கிழமை அவங்களுக்குச் சம்மதம் சொல்லப் போறாங்களாம்."

கிண்ணியா மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தேன். அவன் படமே பார்ப்பதில்லையாம், கிரிக்கெட் மட்டும்தானாம். ஒரு பேய்க்கும் ஒரு குடும்பப் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவன் என் இடத்துக்கு வரப்போகிறான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது என்பதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமைக்கு முன் அவளுக்கு ஒரு படத்தின் முதல் பாதியைக் காட்டிவிட வேண்டும். அதைப் பார்த்தால் நான் சிரித்ததில் நியாயம் இருந்தது அவளுக்கு விளங்கும். நான் அலியார் நானாவைப் பிடித்தேன்.

"நானா, ஒரு நாளைக்கு மட்டும். படத்தை நிலாவெளியில இருந்து தொடங்குங்க. அவ பேயை ஒருக்காவது பாக்கட்டும்."

அலியார் நானா டிக்கட் புத்தகத்தால் காதைச் சொறிந்தார். "சம்பந்தம் சரிவாற விசயமெண்டா செய்யத்தானே வேணும். நாளைக்கே செய்வம். கிண்ணியாவுக்குச் சம்மதம் சொல்லமுதல் முடிப்பம் தம்பி."

மறுநாள் பஸ் புல்மோட்டையை விட்டு வெளிக்கிட்டது. டீவி இருண்டு கிடந்தது. மூன்றாவது தரிப்பிடம் வரவில்லை, அதற்குள் கலவரம் தொடங்கிவிட்டது. முதலில் எழும்பியவர் எங்கள் பக்கத்து வீட்டு றம்ஸியா மாமி. பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவர்.

"அலியார், டீவியப் போடு. அதைப் பாக்காட்டி எனக்குச் சத்தி வரும். பிறகு உன்ட பஸ்தான் நாறும்."

"நிலாவெளியில போடுறன் மாமி."

"நிலாவெளிக்காரர் என்ன, காசு கூடக் குடுத்து ஏறுறாங்களா?"

பின்னால் இருந்தவர்கள் கையைத் தட்டினார்கள். முன்னால் சாரதி கொட்டாவி விட்டார். பஸ் ஒருமுறை பாதையை விட்டுக் கொஞ்சம் விலகித் திரும்பி வந்தது. அலியார் நானா பயந்துபோனார். எனக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும், சாரதியையும் எழுப்பி வைக்க வேண்டும். மனிதர் அவசரத்தில் ஒரு வேலை செய்தார். படத்தின் முதல் பாதியை நிலாவெளிக்காக ஒதுக்கி வைத்துவிட்டு, இடைவேளைக்குப் பின்னுள்ள பாதியை எங்களுக்கு ஓடவிட்டார்.

எனக்கு அதில் ஆட்சேபனை இருக்கவில்லை. எனக்குத்தான் கண் கலங்காதே.

படத்தில் ஒரு தையல்காரி வந்தாள். புருஷன் இல்லாதவள். ஒரு பெரிய வீட்டின் மேல்மாடிப் பின்னறையில் வாடகைக்கு இருந்து, கால்மிதி மெசினில் ஊராருக்குத் தைத்துக் கொடுப்பாள். அவளுக்கு ஒரு சின்ன மகள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார்கள். மற்றவர்களுடைய துணியெல்லாம் தைத்து முடித்த பிறகு மகளுக்குச் சீருடை தைக்கிறாள். "ஏன் உம்மா இவ்வளவு பெரிசா இருக்கு?" என்கிற மாதிரி அந்தப் பிள்ளை கேட்கிறது. "அடுத்த வருஷமும் போடலாம், உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன், நீ வளர வளர அவிழ்த்து விடுவேன்," என்கிறாள் தாய். அன்றைக்கே வீட்டுக்காரனின் மூன்று ஆண்பிள்ளைகளும் வந்து, அறையை விடச் சொல்லி மெசினைக் காலால் உதைக்கிறார்கள். அவள் மெசினைக் கட்டிப்பிடிக்கிறாள். தள்ளிவிடுகிறார்கள். மாடிப்படியில் விழுந்து அந்த இடத்திலேயே முடிந்துபோகிறாள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை பெரிய சீருடையைப் போட்டுக்கொண்டு, மடிப்பை விரலால் பிடித்தபடி, தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறது.

எனக்கு முன்னே இருந்ததெல்லாம் கலங்கிப்போனது. கிணறும் கழுத்தும் முன்னால் வந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். இது திடீரென்று வந்து பிடித்தது. எங்கள் உம்மாவும் அப்படித்தான் தைப்பார். என்னுடைய எல்லாக் காற்சட்டையிலும் அடுத்த வருஷத்துக்கென்று ஒரு மடிப்பு இருந்தது. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அழுகை அடங்குவதாக இல்லை. றம்ஸியா மாமி தன்னுடைய லேஞ்சியை நீட்டினார். வாங்கி மூக்கைச் சிந்தினேன்.

நிலாவெளியில் ஷிஃபானா ஏறினாள். அலியார் நானா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, முடிவு வரும் முன்பே படத்தைத் தொடக்கத்துக்குத் திருப்பினார்.

பெரிய வீட்டுக்குள் நண்பர்கள் கூட்டமொன்று வந்து இறங்கியது. அவர்களோடு அந்த மூன்று சகோதரர்களும் இருந்தார்கள், சிரித்துப் பேசி, சாப்பிட்டுக்கொண்டு. எனக்கு இரத்தம் கொதித்தது. கரண்ட் போனது. மாடியில் மெசின் தானாக ஓடும் சத்தம் கேட்டது. மூத்தவன் தனியாக ஏறிப் போனான். இருட்டுக்குள்ளிருந்து ஊசியும் நூலும் பறந்து வந்து அவன் உதட்டில் ஏறின.

"தை!" என்று கத்திவிட்டேன். "விடாத, நல்லாத் தை அவன்ட வாயை!"

பஸ் முழுக்க என்னோடு சேர்ந்துகொண்டது. எல்லோரும் புல்மோட்டைச் சனம். எல்லோரும் அந்தப் பிள்ளை நடந்து போனதைப் பார்த்தவர்கள். "ரெட்டை நூல் போடு புள்ள!" என்றார் றம்ஸியா மாமி. ஷிஃபானா மட்டும் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சனம் இது? ஒரு மனிசன்ட வாயைத் தைக்குது, கைதட்டுறீங்க? அதுவும் தையலா அது? எங்கட டொக்டர் கண்டா அழுதிருவார். அப்பிடிப் போட்டா நாளைக்கே பழுத்திரும்."

"பழுக்கட்டும்! அவனுக்கு அது காணாது!" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். என் கண் சிவந்திருந்தது, மூக்கு வீங்கியிருந்தது.

"துக்கத்தைக் கண்டா சிரிக்கிறீங்க. கொலையைக் கண்டா கண் கலங்குறீங்க. உங்களுக்கு உண்மையிலேயே விசர்தான். நல்லகாலம் நான் மாட்டனெண்டு சொன்னது."

பேயைக் காட்டி அவளை என் பக்கம் இழுக்க நினைத்தவன் நான். இப்போது அந்த பஸ்ஸில் அவளுக்குத் தெரிந்த ஒரே பேய் நான்தான். உப்புவெளி தாண்டும் வரை இன்னும் இரண்டு வாய் தைக்கப்பட்டது. எனக்கு அதில் சந்தோஷமே இருக்கவில்லை.

பஸ் நிலையத்தில் பஸ் நின்றது. அலியார் நானா டீவியை நிறுத்தினார். ஷிஃபானா பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள். அவள் இறங்கிப் போய்விட்டால் கதை முடிந்தது, வெள்ளிக்கிழமை கிண்ணியாதான். றம்ஸியா மாமிதான் குறுக்கே வந்து மறித்தார்.

"மகள், கொஞ்சம் நில்லுங்க. இந்தப் பொடியன் கொலையைக் கண்டு அழேல்ல. அந்தத் தாயும் பிள்ளையும் வாற இடத்தில அழுதவன். குச்சவெளியில இருந்து பாலம் வரைக்கும் அழுதவன். இந்தா, என்ட லேஞ்சியப் பாருங்க. இனி இதைப் பாவிக்க ஏலாது."

"அது தூசி," என்றேன் நான். பழக்கதோஷம்.

"தூசியா? குழந்தப்பிள்ளை மாதிரி விம்மினாய்!"

ஷிஃபானா படியில் நின்றாள். பின்னால் இறங்க வந்தவர்களும் நின்றார்கள். "உண்மையா? அழுதீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. இன்றைக்கே இந்தச் செய்தி எனக்கு முன்னே புல்மோட்டைக்குப் போய்விடும். இனி எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் பேய்ப்படத்தைப் பற்றி நான் வாயைத் திறக்க முடியாது. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கடையாவது மண்ணாவது.

"ஓம்," என்றேன். "அழுதனான்."

"எந்த இடத்தில?"

"அந்தத் தாய், பிள்ளையின்ட சீருடையை அடுத்த வருசத்துக்கும் சேர்த்துப் பெரிசாத் தைச்சிருந்தவ. உள்ளுக்க மடிச்சி. நீ வளர வளர அவிழ்த்து விடுறனெண்டு சொன்னவ. பிறகு அவ இல்ல. பிள்ளை அந்த மடிப்பைப் பிடிச்சிக்கொண்டு தனியப் பள்ளிக்கூடம்..." நான் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தேன். "இனி அதை யார் அவிழ்த்து விடுறது?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

ஷிஃபானா பையை இறக்கி வைத்தாள். கிட்டடியில் இருந்த சீட்டில் இருந்தாள். அவள் அந்தக் காட்சியைப் பார்க்கவே இல்லை. நான் சொன்னதைக் கேட்டுத்தான் அழுதாள். அதைக் கண்டு நானும் திரும்ப அழத் தொடங்கினேன். றம்ஸியா மாமி தான் இனிப் பாவிக்க முடியாது என்ற லேஞ்சியையே எடுத்துக் கண்ணில் ஒற்றினார். மாடிப்படியை நினைத்துப் பின்சீட்டில் யாரோ விம்மினார்கள். சாரதிகூட ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார், அவருக்கு நித்திரையா அழுகையா என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் ஷிஃபானா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் போனமாதிரி இல்லை, ஆனால் அது வேறு மாதிரிக் கோபம்.

"இப்பிடி ஒரு மனசை வைச்சிக்கொண்டு ஏன் இவ்வளவு நாளும் சிரிச்சீங்க? மாமாவைத் திரும்ப அனுப்புங்க. கிண்ணியாக்குச் சம்மதம் சொல்லமுதல் அனுப்புங்க."

அந்த நேரம் பார்த்து டைம்கீப்பர் பஸ்தியாம்பிள்ளை விசிலோடு வந்து வாசலில் தலையை நீட்டினார். பஸ் ஏன் இன்னும் காலியாகவில்லை என்று பேசத்தான் வந்தவர். உள்ளே சாரதியிலிருந்து கடைசி சீட்டு வரைக்கும் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருப்பதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"என்ன அலியார்," என்று மெதுவாகக் கேட்டார், "முழுக்கச் செத்தவீட்டுச் சனமோ?"

அலியார் நானா மூக்கை உறிஞ்சினார். "இல்லண்ணே," என்றார். "மாப்பிள்ளை வீட்டாக்கள்."